ஆறின கைய பாத்துட்டு எழுதுறேன்: என் டாட்டூ ஆர்ட்டிஸ்ட் பத்தி 14 மாசம் கழிச்சு ஒரு ரிவ்யூ

டாட்டூ போட்ட அன்னிக்கு சாயங்காலமே ரிவ்யூ எழுதுறவங்கதான் நிறைய பேரு. நானும் என் முதல் டாட்டூவுக்கு அப்படித்தான் எழுதுனேன், அஞ்சு ஸ்டார் குடுத்து, சூப்பர் ஒர்க், நல்லா பேசுனாங்க, சீக்கிரம் முடிச்சுட்டாங்கன்னு. ஆறு மாசத்துல அந்த ரிவ்யூவ நானே போய் டெலீட் பண்ணிட்டேன். அதனால இந்த ரெண்டாவது டாட்டூவுக்கு வேணும்னேதான் காத்திருந்தேன், முழுசா ஆறட்டும், ஒரு வெயில் காலம் போகட்டும், அப்புறம் எழுதலாம்னு. இப்போ 14 மாசம் ஆச்சு. கைய பக்கத்துல வச்சு பாத்துக்கிட்டேதான் டைப் பண்றேன்.

ஆர்ட்டிஸ்ட் பேர இங்க போடல, அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க, ஏற்கனவே மாசக்கணக்குல வெயிட்டிங் இருக்காம். முதல் கடை பேரையும் போடல. ஆனா அவங்க எப்படி வேலை செஞ்சாங்க, நான் எதெல்லாம் பாத்து அவங்கள தேர்ந்தெடுத்தேன்னு சொன்னா அது எந்த ஊர்ல இருக்கறவங்களுக்கும் உதவும்னு நம்புறேன், ஏன்னா எனக்கு இத முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா என் மணிக்கட்டு இப்படி ஆகியிருக்காது.

மணிக்கட்டு கதைய முதல்ல சொல்லிடறேன். எங்கப்பா ஒரு துண்டுச் சீட்டு எழுதி வச்சிருந்தாரு, "சாவி பக்கத்து வீட்ல குடுத்திருக்கேன். பாத்துப் போ." அவ்ளோதான். அவரு போனதுக்கு அப்புறம் ஒரு பழைய பையில அந்த சீட்டு கெடச்சுது. அந்த கடைசி ரெண்டு வார்த்தைய அவரு கையெழுத்துலயே குத்திக்கணும்னு தோணுச்சு, தோணுன வாரமே போய் குத்திக்கிட்டேன், அதுதான் தப்பு. போன்ல இருந்த போட்டோவ காட்டுனேன், சின்னதா கியூட்டா வேணும்னு சொன்னேன், அந்த கடை ஆர்ட்டிஸ்டும் சரின்னு ரெண்டு சென்டிமீட்டர் அகலத்துல மணிக்கட்டு உள்பக்கம் போட்டுட்டாரு. இருபது நிமிஷம்கூட ஆகல. ஏன் இவ்ளோ சின்னதா, இந்த இடத்துல தோல் மெலிசாச்சே, எழுத்து இவ்ளோ நெருக்கமா இருக்கேன்னு ஒரு கேள்வி வரல. கண்ணாடில பாத்தப்போ அழகாத்தான் இருந்துச்சு. மறுநாள் கோட்ட சுத்தி நீலமா ஒரு நிழல் மாதிரி தெரிஞ்சுது, ரத்தம் கட்டியிருக்கு போலன்னு விட்டுட்டேன், ரத்தக்கட்டுன்னா ரெண்டு வாரத்துல போயிருக்கணும், இது போகவே இல்ல.

அதுக்கு பேரு ப்ளோ அவுட். ஊசி போக வேண்டிய ஆழத்த தாண்டி போனா வர்றது. தோல்ல மேலடுக்கு உதிர்ந்துக்கிட்டே இருக்கும், அதுல மட்டும் இங்க் நின்னா சில வாரத்துல தோலோட சேந்து அதுவும் போயிடும். அதுக்கு கீழ இருக்கற ரெண்டாவது அடுக்குல, கிட்டத்தட்ட ஒன்னுலேருந்து ரெண்டு மில்லிமீட்டர் ஆழத்துல இங்க் உக்காரணும். அதையும் தாண்டி கொழுப்பு அடுக்குக்கு போயிட்டா அங்க இங்க்க பிடிச்சு வைக்க ஒன்னும் இல்ல, பரவிடும். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்ள கைய நிறுத்துறதுதான் மொத்த தொழிலுமேன்னு எனக்கு இப்போதான் புரியுது, அதுவும் மணிக்கட்டு மாதிரி மெலிசான தோல்ல இன்னும் கஷ்டம். என்னோடதுல 'போ'வோட கொம்பு சுழி அடைஞ்சு போச்சு, 'த்' மேல இருந்த புள்ளி எழுத்தோட ஒட்டிக்கிச்சு. ஒருத்தங்க பாத்துட்டு இது என்ன பூவான்னு கேட்டாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். எங்கப்பா கையெழுத்துங்க அது.

தமிழ் எழுத்து குத்திக்கணும்னு நினைக்கிறவங்க இந்த ஒரு விஷயத்த தயவுசெஞ்சு மனசுல வைங்க, நம்ம எழுத்துல சுழி ஜாஸ்தி. ண, ழ, ணை, கொம்பு, கால், புள்ளி, எல்லாத்துக்கும் உள்ளயோ பக்கத்துலயோ ஒரு சின்ன வெத்து இடம் இருக்கு, அந்த வெத்து இடம்தான் எழுத்தையே படிக்க வைக்குது. எந்த டாட்டூவா இருந்தாலும் வருஷம் போகப் போக கோடு கொஞ்சம் அகலமாகும், அத யாராலயும் தடுக்க முடியாது. சின்ன சுழியா இருந்தா உள்ள இருக்கற அந்த இடத்த அதுவே முழுங்கிடும். இங்கிலீஷ் எழுத்துக்கே இந்த பிரச்சனை உண்டு, நம்மளோடதுக்கு ரெண்டு மடங்கு.

கோடு ஏன் அகலமாகுதுன்னு தேடிப் படிச்சப்போ ஒரு விஷயம் ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு. இங்க் தோல்ல சும்மா கறை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கறது இல்ல. உடம்புல வெளிப்பொருள் வந்தா அத முழுங்குற செல்கள் இருக்குல்ல, அதுங்க வந்து இங்க் துகள முழுங்கிடுது, ஆனா செரிக்க முடியாம அப்படியே வச்சுக்கிட்டு அங்கேயே உக்காந்துடுது. அந்த செல் செத்தா துகள் வெளில வருது, பக்கத்துல புதுசா வர்ற செல் அத மறுபடி முழுங்குது. 2018-ல பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் எலி வச்சு இத காட்டியிருக்காங்க. அதாவது டாட்டூங்கறது கைமாத்தி கைமாத்தி காப்பாத்தப்படுற ஒன்னு. ஒவ்வொரு கைமாத்தத்துலயும் லேசா நகர்ந்தா கோடு அகலமாகத்தானே செய்யும். ஆல்ப்ஸ் மலை பனில 1991-ல கண்டெடுத்த ஓட்ஸி மனுஷன் உடம்புல 61 டாட்டூ இருக்கு, 5300 வருஷம் பழசு, இன்னும் கோடு கோடா தெரியுது. இங்க் நிக்கும், அதுல சந்தேகமே இல்ல. எப்படி நிக்கும்ங்கறதுதான் ஆர்ட்டிஸ்ட் கைல இருக்கு.

ஸோ ரெண்டாவது தடவை, அப்பாவோட அதே ரெண்டு வார்த்தைய முன்னங்கைல போட்டுக்க, நான் தேட ஆரம்பிச்சப்போ ஒரே ஒரு கேள்வியதான் எல்லார்கிட்டயும் முதல்ல கேட்டேன், "ஆறின டாட்டூ போட்டோ இருக்கா? ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆனது?" இந்த ஒரு கேள்விலயே பாதி பேரு கழிஞ்சுட்டாங்க. இன்ஸ்டாகிராம்ல நம்ம பாக்குறது எல்லாமே மெஷின கீழ வச்ச அடுத்த நிமிஷம் எடுத்தது, அப்போ எவ்ளோ சுமாரான வேலையும் கரு கருன்னு பளிச்சுன்னுதான் இருக்கும், மேல கொஞ்சம் ஃபில்டரும் போட்டா சொல்லவே வேண்டாம். ஊசி ஆழமா போச்சா, மேலோட்டமா போச்சா, எதுவும் அந்த போட்டோல தெரியாது. ஆறினப்புறம்தான் தெரியும்.

ஒருத்தருக்கு ஃபாலோயர்ஸ் எக்கச்சக்கம், முகம் வரையறதுல நிஜமாவே கில்லாடி, போட்டோ மாதிரியே இருக்கும். ஆனா எழுத்து வேலை ஒன்னுகூட அவரு பேஜ்ல இல்ல. கேட்டப்போ "எல்லாமே பண்ணுவோம்"னு சொன்னாரு. எனக்கு அது போதும், வேற ஆள் பாத்தேன். முகத்துல ஷேடிங் கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் மறைஞ்சிடும், எழுத்துல கோடு மட்டும்தான் இருக்கு, ஒளிய இடமே இல்ல. ரெண்டும் வேற வேற கை.

இன்னொரு இடம் உள்ள போனதும் அவ்ளோ அழகு, லைட்டு, சோஃபா, செடி எல்லாம். ஆனா அங்க ஒருத்தருக்கு போட்டுக்கிட்டு இருந்தத ஒரு பத்து நிமிஷம் பாத்தேன், போட்டுக்கிட்டு இருக்கும்போதே அதே கிளவுஸோட போன எடுத்து பேசிட்டு, திரும்ப அதே கிளவுஸோட தோல தொட்டாரு. நன்றி சொல்லிட்டு கெளம்பிட்டேன். ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் ரத்தம் வழியா பரவுறது, இதுல கூச்சப்படுறதுக்கு ஒன்னுமே இல்ல, எந்திரிச்சு வந்துடணும்.

இப்போ இவங்க. ஆறின போட்டோ கேட்டதுக்கு, "உங்களுக்கு போட்டோ அனுப்புறேங்க்கா, ஆனா நேர்ல பாத்தா இன்னும் நல்லது"ன்னு சொல்லி அவங்க சொந்த கைல நாலு வருஷத்துக்கு முன்னாடி அவங்களே போட்டுக்கிட்டத காட்டுனாங்க. அதுல ஒரு எடத்துல கோடு பரவியிருந்துச்சு. "இது நான் கத்துக்கிட்டு இருந்தப்போ போட்டது, இங்க ஆழம் ஜாஸ்தி ஆயிடுச்சு"ன்னு அவங்களாவே சொன்னாங்க. நான் அங்கேயே முடிவு பண்ணிட்டேன்னு நினைக்கிறேன்.

முதல் நாள் டாட்டூவே போடல, பேச்சு மட்டும்தான், முக்கா மணி நேரம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா, காயம் பட்டா தழும்பு தடிச்சு எழும்புமா, அலர்ஜி உண்டா, கர்ப்பமா இருக்கீங்களா, பால் குடுக்கறீங்களா, எல்லாம் கேட்டாங்க. முதல் கடைல இதுல ஒன்னுகூட கேக்கல. அப்புறம் ஒரிஜினல் சீட்ட கேட்டாங்க. நான் போன்ல போட்டோ இருக்குன்னேன், "வேண்டாங்க்கா, போட்டோல பேனா அழுத்தம் தெரியாது, சீட்டையே கொண்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. கொண்டு போய் குடுத்தப்போ கவர்லேருந்து எடுக்கறதுக்கு முன்னாடி கைய கழுவிட்டு வந்தாங்க, அத நான் மறக்கவே மாட்டேன்.

பழைய டாட்டூ மேலயே இத போட்டு மறைக்க முடியுமான்னு கேட்டேன். முடியாதுன்னாங்க, எழுத்து மேல எழுத்து போட்டா ரெண்டுமே போயிடும், மறைக்கணும்னா பெரிய கருப்பு டிசைனாத்தான் போடணும், இல்ல லேசர்ல கொஞ்சம் மங்க வச்சுட்டு வாங்க, கருப்பு இங்க்தான் லேசருக்கு நல்லா கேக்கும், ஆனா ஒரு தடவைல போகாது, வாரக்கணக்குல இடைவெளி விட்டு பல தடவை போகணும், அவசரம் இல்லன்னா அப்படியே விட்டுடுங்கன்னு சொன்னாங்க. வேலைய வேண்டாம்னு சொல்ற ஒருத்தர்கிட்ட எனக்கு தனி மரியாதை வரும். பழசு இன்னும் மணிக்கட்டுல அப்படியேதான் இருக்கு.

அப்பா நீலப் பேனால எழுதுனது, அதனால நீலத்துலயே போடலாமான்னு எனக்கு ஒரு ஆசை. இதுக்கும் பொறுமையா பதில் சொன்னாங்க. இங்க் மேலடுக்குக்கு கீழதான் இருக்கு, அதனால நம்ம தோல் நிறத்த தாண்டித்தான் அந்த கலர் தெரியும், கண்ணாடி மேல டீ ஊத்தி பாக்குற மாதிரி. நம்மள மாதிரி தோல்ல மெல்லிசு நீலக் கோடு கொஞ்ச நாள்ல மங்கலாயிடும், முன்னங்கைல நரம்போட நரம்பா கலந்து தெரியும், பின்னாடி எடுக்கணும்னாலும் கருப்ப விட நீலம் பச்சை கஷ்டம். கலர் இங்க்ல என்னென்ன கலந்திருக்குன்னு பாத்து வாங்கணும்னும் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா, ஐரோப்பிய ஒன்றியத்துல 2022 ஜனவரிலேருந்து டாட்டூ இங்க்ல வர்ற ஆயிரக்கணக்கான ரசாயனத்துக்கு கட்டுப்பாடு வந்திருக்கு, ரொம்ப நாளா எல்லாரும் யூஸ் பண்ணிட்டு இருந்த ப்ளூ 15:3, க்ரீன் 7 ரெண்டு நிறமிக்கும் 2023 ஜனவரிலேருந்து தடை. அலர்ஜி அதிகமா வர்றது என்னவோ சிவப்புலதான். கருப்பே போதும்னு முடிவு பண்ணேன், இப்போ அதுல வருத்தம் இல்ல.

சைஸ் விஷயத்துல மட்டும் கொஞ்சம் வாக்குவாதம் ஆச்சு. எனக்கு அவரு எழுதுன அதே அளவுல வேணும், அவங்க ரெண்டு மடங்குக்கு மேல பெருசாக்கணும்னாங்க. அப்புறம் ஒரு காரியம் பண்ணாங்க, ஒரிஜினல் அளவுல பிரிண்ட் எடுத்து, இப்போ இருக்கற கோட்டுக்கு பதிலா பத்து வருஷம் கழிச்சு இருக்கப் போற தடிமன்ல மார்க்கர் வச்சு அது மேல எழுதி காட்டுனாங்க. கொம்பு அடைஞ்சு போச்சு. என் மணிக்கட்டுல இருக்கறது அப்படியே பேப்பர்ல வந்துடுச்சு. சரிம்மா பெருசாவே போடுன்னுட்டேன்.

டாட்டூ போட்ட அன்னிக்கு ஸ்டென்சில, அதாவது டிசைன தோல்ல பதிக்கற அச்சுத் தாள, மூணு தடவை ஒட்டி ஒட்டி அழிச்சாங்க. கைய மேசை மேல நீட்டி வச்சா நேரா இருக்கு, கைய தொங்கப் போட்டா முறுக்கிக்குது, முன்னங்கை தோல் அப்படி திரும்பும். அதனால என்ன எந்திரிச்சு நிக்க வச்சு, கைய சும்மா தொங்க விட்டு ஒட்டுனாங்க. வழக்கமா எதிர்ல நிக்கறவங்க பாக்கற மாதிரிதான் நேரா வைப்பாங்களாம், அத விளக்கி சொன்னாங்க, நான் "இல்ல, இது எனக்கு, நான் படிக்கறதுக்கு"ன்னு சொன்னேன், அப்புறம் ஒரு வார்த்தை எதிர்த்து பேசல. ஒட்டினதும் உடனே ஆரம்பிக்காம கால் மணி நேரம் காய விட்டாங்க, இல்லன்னா துடைக்கும்போது அழிஞ்சிடும்.

சுத்தம் பத்தி சொல்லணும்னா, ஊசி கார்ட்ரிட்ஜ் பாக்கெட்ட என் கண்ணு முன்னாடிதான் பிரிச்சாங்க, பிரிக்கறதுக்கு முன்னாடி காலாவதி தேதிய என்னையே படிக்க சொன்னாங்க. மெஷின், ஒயர், ஸ்ப்ரே பாட்டில், லைட் கைப்பிடி, எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் கவர். இங்க்க சின்ன கப்புல ஊத்தி, மிச்சத்த தூக்கி எறிஞ்சாங்க, பாட்டில்ல திருப்பி ஊத்தல. திரும்ப யூஸ் பண்ற ஸ்டீல் பொருளுக்கு ஆட்டோகிளேவ் வச்சிருக்காங்க, அதுல பிரஷர் நீராவி 121 டிகிரில கால் மணி நேரமாவது நிக்கணும், சும்மா சுடுதண்ணில போட்டு எடுக்கறதோ, நீல லைட் பெட்டில வைக்கறதோ அதுக்கு சமம் ஆகாது. நிறைய பேருக்கு தெரியாதது ஒன்னு, இங்க்க நீர்க்க வைக்க என்ன தண்ணி ஊத்துறாங்கன்னும் கேக்கணும். அமெரிக்கால நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர்ல 2011 கடைசிலயும் 2012 ஆரம்பத்துலயும் 19 பேருக்கு டாட்டூல புண் வந்துச்சு, ஊசி கிளவுஸ் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, முன்னாடியே தண்ணி கலந்து வச்ச சாம்பல் நிற இங்க்லதான் கிருமி இருந்திருக்கு. டிஸ்டில்டு வாட்டர்னு பேரு இருந்தா மட்டும் கிருமி இல்லைன்னு அர்த்தம் இல்ல. இவங்க மூடி திறக்காத ஸ்டெரைல் வாட்டர் யூஸ் பண்ணாங்க.

வலி இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். முழங்கை மடிப்புக்கு கிட்ட வந்தப்போ பல்ல கடிச்சுக்கிட்டேன். மரத்துப் போற கிரீம் கேட்டேன், இந்த சின்ன வேலைக்கு வேண்டாங்க்கா, சில கிரீம் தோல ஒரு மாதிரி ஊற வச்சிடும், கோடு பிடிக்காதுன்னாங்க. சில கிரீம்ல மரத்துப் போக வைக்கற மருந்தான லிடோகெய்ன் அளவுக்கு மீறி இருக்குன்னு 2024 மார்ச்ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விட்டிருக்கு, ஆன்லைன்ல கண்டத வாங்கி தடவிட்டு போறவங்க இத கொஞ்சம் யோசிங்க. மெஷின் சத்தம் முதல் கடைல காதுக்குள்ள வண்டு போன மாதிரி இருந்துச்சு, இங்க ரோட்டரி மெஷின், கம்மி சத்தம். 1891-ல சாமுவேல் ஓ'ரெய்லிங்கற அமெரிக்க டாட்டூ ஆர்ட்டிஸ்ட் எடிசனோட மின்சாரப் பேனாவ அடிப்படையா வச்சுத்தான் முதல் மின்சார டாட்டூ மெஷினுக்கு பேட்டன்ட் வாங்குனாராம். பேனாலேருந்து வந்த மெஷின் வச்சு எங்கப்பா பேனா எழுத்த எழுதுறாங்கன்னு பின்னாடி படிச்சப்போ மனசு என்னவோ பண்ணுச்சு.

முடிஞ்சதும் மேல கண்ணாடி மாதிரி ஒரு ஃபிலிம் ஒட்டி விட்டாங்க. உள்ள கருப்பா தண்ணி தேங்கும், பயப்படாதீங்க, ஓரம் பிரிஞ்சு ஒழுகுனா மட்டும் எடுத்துடுங்கன்னாங்க. நாலாவது நாள் ஷவர் தண்ணில காட்டி மெதுவா எடுத்தேன். அப்புறம் வாசனை இல்லாத சோப்பு, கிரீம் மெல்லிசா, ரொம்ப மெல்லிசா, அவ்ளோதான். ரெண்டாவது வாரம் அரிப்பு தாங்கல, தோல் உரிஞ்சு வந்துச்சு, பிச்சு எறியணும் போல இருந்துச்சு, கைய தட்டி தட்டி சமாளிச்சேன், பிச்சா இங்க்கும் சேந்து வந்துடும். மூணாவது வாரம் பால் ஆடை படிஞ்ச மாதிரி மங்கலா தெரிஞ்சப்போ பயந்து போய் மெசேஜ் பண்ணேன், புது தோல் வருதுங்க்கா, பொறுங்கன்னாங்க, அதே மாதிரி தெளிஞ்சுது. நீச்சல் ஒரு மாசம் கிடையாது, வெயிலும் கூடாது, முழுசா ஆறினதும் வெளில போகும்போது எஸ்பிஎஃப் 30-க்கு மேல சன்ஸ்கிரீன் போட்டுட்டுதான் போறேன். சிவந்து சூடா வீங்குனாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஆர்ட்டிஸ்டுக்கு மெசேஜ் பண்ணிட்டு இருக்காம நேரா டாக்டர்கிட்ட போங்கன்னும் அவங்களே சொன்னாங்க, எனக்கு அப்படி எதுவும் வரல.

14 மாசத்துல எப்படி இருக்குன்னா, 'த்' புள்ளி தனியா நிக்குது, 'ப்' புள்ளியும் தனியா நிக்குது. கொம்பு சுழிக்குள்ள என் தோல் தெரியுது. 'பா'வுல ஆரம்பிக்கற எடத்துல அப்பா பேனாவ அழுத்தி வச்சிருக்காரு, அந்த அழுத்தம்கூட கோட்டுல இருக்கு. நீலமா நிழல் எங்கயும் இல்ல. எங்கம்மாவுக்கு டாட்டூன்னாலே ஆகாது, பச்சை குத்திக்கிட்டு வந்து நிக்கறியேன்னு மூணு நாள் பேசல, நாலாவது நாள் கைய புடிச்சு பாத்துட்டு "போவுக்கு கொம்பு எப்பவுமே இவ்ளோ பெருசாத்தான் போடுவாரு"ன்னு சொன்னாங்க. யாரும் சொல்லிக் குடுக்காம கையெழுத்த கண்டுபுடிச்சாங்கன்னா இத விட என்ன சர்ட்டிஃபிகேட் வேணும் அந்த ஆர்ட்டிஸ்டுக்கு.

குறை இல்லாம இல்ல. மெசேஜுக்கு பதில் வர சில சமயம் மூணு நாள் ஆகும், புதுசா டாட்டூ போட்டு பயத்துல இருக்கறவங்களுக்கு அது ரொம்ப நீளம். டேட் ஒரு தடவை முதல் நாள் ராத்திரி தள்ளி வச்சாங்க, நான் ஏற்கனவே லீவு போட்டுட்டேன். எல்லாத்த விட பெரிய குறை, எப்படி பாத்துக்கணும்ங்கறத வாயாலதான் சொல்றாங்க, எழுதிக் குடுக்கல. வலில உக்காந்திருக்கறப்போ சொன்னா பாதி காதுல ஏறாது, நான் போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிட்டதால தப்பிச்சேன். இத அவங்ககிட்டயே சொன்னேன், ஒரு சீட்டு அடிச்சு வைக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அஞ்சுக்கு நாலரை குடுக்கறேன், அந்த அரை இதுக்குத்தான்.

டச் அப் ஏழாவது வாரத்துல ஒரு தடவை போனேன், 'து'வோட வளைவுல ஒரு எடம் லேசா வெளுத்திருந்துச்சு, அஞ்சு நிமிஷ வேலை, தனியா காசு வாங்கல. அப்போ நான் கேக்காமலே என் கைய போட்டோ எடுத்துக்கிட்டாங்க, ஒரு வருஷம் கழிச்சு மறுபடி வாங்க, இன்னொன்னு எடுக்கணும்னாங்க. போன வாரம் போய் குடுத்துட்டு வந்தேன். இப்போ அவங்ககிட்ட யாராவது ஆறின டாட்டூ காட்டுங்கன்னு கேட்டா என் கையும் அதுல இருக்கும்.